நந்தி மலையடியில் கொடிமுந்திரி



பெங்களூர் மாநகரிலிருந்து வடக்கு நோக்கி ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவு சென்றால் நந்தி மலை நம்மை எதிர்கொள்கிறது. கடல் மட்டத்திற்கு மேல் 1,478 மீட்டர், அதாவது சுமார் 4,850 அடி உயரமுள்ள இம்மலை, தமிழ் மக்களுக்கு அயலானது அன்று. வட தமிழ்நாட்டின் வயல்களை வளர்க்கும் பாலாறும் தென்பெண்ணையும் இம்மலைப் பகுதியிலேயே பிறக்கின்றன. மலையடியிலுள்ள போக நந்தீசுவரர் கோயிலில் நுளம்பர், வாணர், சோழர் ஆகியோர் காலத்துச் சுவடுகளைக் காண்கிறோம். திப்பு சுல்தானின் கோட்டையாக விளங்கி, 1791-ஆம் ஆண்டில் கார்ன்வாலிசின் படைகளிடம் வீழ்ந்ததும் இம்மலையே. ஆயினும் இன்று நாம் எண்ணிப் பார்க்கவிருப்பது மன்னர்களின் வரலாறு அன்று. இம்மலையின் அடிவாரத்தில் வேரூன்றிய ஒரு கொடியின் வரலாறு, அதனை ஊன்றிய ஒரு மனிதரின் பிடிவாதத்தின் வரலாறு.

கொடிமுந்திரி என்றும் திராட்சை என்றும் நாம் வழங்கும் பழத்தின் சாற்றைப் புளிக்க வைத்து உண்டாக்கும் மது, நம் நாட்டிற்கு நேற்று வந்த பொருளன்று. யவனர் தம் கலங்களில் கொணர்ந்த நறுமதுவைப் பற்றிப் புறநானூற்றில் நக்கீரர் பாடியிருக்கிறார். புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945-ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில், மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து மது ஏற்றி வந்த இருகைப்பிடிச் சாடிகளின் உடைந்த ஓடுகள் வெளிப்பட்டன. முசிறித் துறையில் இறங்கிய பொருள்களுள் மதுவும் சிறிதளவு உண்டு என்று கிரேக்க மாலுமி ஒருவரின் பழைய கடற்பயணக் குறிப்பு கூறுகிறது. எனினும் இங்கே ஒன்றை நாம் உற்று நோக்கவேண்டும். மது கப்பலில் வந்தது; கொடி வரவில்லை. ஈராயிரம் ஆண்டுகளாகத் தென்னாடு இம்மதுவை வாங்கிய நாடாகவே இருந்தது. விளைவித்த நாடாக இருந்ததில்லை. ஏன்?

இதற்கு விடை நிலநூலில் இருக்கிறது. உலகில் புகழ்பெற்ற கொடிமுந்திரித் தோட்டங்களிற் பெரும்பாலானவை நிலநடுக்கோட்டிற்கு வடக்கிலும் தெற்கிலும் 30 பாகை முதல் 50 பாகை வரையுள்ள பகுதியில் அமைந்தவை. அங்கே குளிர்காலம் உண்டு. இலைகளை உதிர்த்துவிட்டுக் கொடி உறங்குகிறது, வசந்தத்தில் விழித்துத் துளிர்க்கிறது, கோடையில் காய்க்கிறது, வெயில் தணிந்து வரும் இலையுதிர் காலத்தில் பழுக்கிறது. பழத்தில் இனிப்பு ஏறுவதற்கு வெயில் வேண்டும். அதன் புளிப்பு அழியாமல் நிற்பதற்கு இரவின் குளிர் வேண்டும். இனிப்பு மட்டும் இருந்து புளிப்பு இல்லாத பழத்திலிருந்து உயிரற்ற, சுவையற்ற மதுவே கிடைக்கும். நந்தி மலையோ 13 பாகை வடக்கில் இருக்கிறது. இங்கே கொடி உறங்குவதில்லை. விட்டால் ஆண்டு முழுவதும் தழைத்துக்கொண்டே இருக்கும்.

வெப்ப நாடுகளில் இக்குறையைச் சில இடங்களில் கடல் தீர்த்து வைக்கிறது. தென் அமெரிக்காவில் சிலி நாட்டின் கடற்கரையை ஒட்டிக் காசாபிளாங்கா என்னும் பள்ளத்தாக்கு இருக்கிறது. பசிபிக் கடலின் ஹம்போல்ட் என்னும் குளிர் நீரோட்டத்திலிருந்து எழும் மூடுபனி காலைதோறும் அப்பள்ளத்தாக்கினுள் புகுந்து நிலத்தைக் குளிர்விக்கிறது. மது ஆக்குவதில் தேர்ந்த பாப்லோ மொராண்டே என்பவர் 1982-ஆம் ஆண்டில் அங்கே கொடிமுந்திரி நட்டார். அதற்குமுன் அந்நிலம் கொடிமுந்திரிக்கு ஏற்றதென்று எவரும் எண்ணவில்லை. இன்றோ அது உலகறிந்த மது நிலம். ஒரு மனிதரின் துணிவு ஒரு நிலப்பகுதிக்குப் புதிய பெயரை வாங்கித் தரக்கூடும் என்பதற்கு அது சான்று.

நந்தி மலைக்குக் கடல் இல்லை. ஆனால் கடல் அங்குச் செய்யும் பணியை இங்கே உயரம் செய்கிறது. ஆயிரம் மீட்டர் மேலே ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறரைப் பாகை குறையும் என்பது வானிலை நூலார் கண்ட பொது விதி. பெங்களூர்ப் பீடபூமி 3,000 அடி உயரத்தில் இருப்பதால், சென்னையில் வியர்வை சிந்தும் நாளில் இங்கே போர்வை தேடுகிறோம். ஜனவரியில் பகல் வெப்பம் 27, 28 பாகை செல்சியசு அளவிலும் இரவு 15, 16 பாகை அளவிலும் இருக்கும். நீர் தங்காது வடியும் செம்மண்ணும் இங்கு உண்டு. இயற்கை பாதி வழி வந்து நின்றது. மீதி வழியை மனிதன் நடக்கவேண்டியிருந்தது.

கொடிமுந்திரி இப்பகுதிக்கு அதற்கு முன்பே வந்துவிட்டது என்பதையும் சொல்லவேண்டும். 'பெங்களூர் நீலம்' என்று பெயர்பெற்ற கருநீலத் திராட்சை, ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளாகப் பெங்களூர் ஊரகம், சிக்கபள்ளாப்பூர், கோலார் ஆகிய மாவட்டங்களில் பயிராகி வருகிறது. தடித்த தோலும், உள்ளே வழுக்கும் சதையும், மூக்கைத் துளைக்கும் தனி மணமும் உடைய பழம் அது. அமெரிக்கக் காட்டுக் கொடியின் உறவுடைய இசபெல்லா என்னும் இனமே இது என்பது பயிர்நூலார் கருத்து. நோயைத் தாங்கும், மழையைப் பொறுக்கும், இரண்டாண்டுகளில் ஐந்து அறுவடை வரையிலும் கொடுக்கும். உழவனுக்கு இதைவிட நல்ல நண்பன் வேறில்லை. 2013-ஆம் ஆண்டில் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கம்பம் பள்ளத்தாக்கில் நாம் பன்னீர்த் திராட்சை என்று சுவைப்பதே கன்னட நாட்டில் குலாபி என்று வழங்குகிறது. இவ்விரு பழங்களும் இப்பீடபூமியின் பழைய குடிகள்.

1809-இல் அமைந்த பெங்களூர்த் தண்டுப் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் பல குடியேறின என்பது நாம் அறிந்ததே. அங்கே கிறித்தவ இல்லங்களில் இப்பழத்தைப் பிழிந்து, சருக்கரை சேர்த்து, பீங்கான் சாடியில் ஊறவிட்டுக் கிறித்து பிறப்பு நாளுக்கென இனிப்பு மது உண்டாக்கும் வழக்கம் நெடுநாளாக உண்டு. ஆனால் அது வீட்டுப் பண்டம். ஐரோப்பியர் மேசையில் ஏறும் மதுவிற்கு இவ்வினம் பொருந்தாது. இதன் மணத்தை அவர்கள் விரும்புவதில்லை. பிரெஞ்சு அரசு 1930-களில் இசபெல்லா முதலிய சில இனங்களை மதுவிற்குப் பயிரிடலாகாது என விலக்கியது.

இந்நிலையில்தான் கன்வல் குரோவர் என்பவர் வரலாற்றில் நுழைகிறார். இவர் உழவர் குடியில் வளர்ந்தவர் அல்லர். பம்பாயை இருப்பிடமாகக் கொண்ட வணிகர். உயர்ந்த தொழில்நுட்பப் பொருள்களில் பிரெஞ்சு நிறுவனங்களோடு வாணிபம் செய்து வந்தமையால் அடிக்கடி பிரான்சுக்குச் சென்று வந்தார். அந்நாட்டின் உணவிலும் மதுவிலும் ஈடுபாடு கொண்டார். அவர்கள் நாட்டில் விளைவது நம் நாட்டில் ஏன் விளையலாகாது என்னும் கேள்வி அவர் உள்ளத்தில் எழுந்தது. வாணிபத்தில் பழுத்து, மற்றவர் ஓய்வை நாடும் பருவத்தில், அவர் இக்கேள்வியைத் தம் வாழ்வின் பணியாக ஏற்றார்.

கேள்வி எளிது, விடை காண்பது எளிதாக இல்லை. அவர் நாடிய துணைவர் ஜார்ஜ் வெசெல். சாம்பேன் நாட்டிலுள்ள பூசி என்னும் சிற்றூரைச் சேர்ந்த இவர், மம் என்னும் பெயர்பெற்ற சாம்பேன் நிறுவனத்தின் தோட்டங்களை மேற்பார்த்த வல்லுநர். குளிர் நாட்டில் சுண்ணாம்பு மண்ணில் பழகிய அம்முதியவரை வெப்ப நாட்டிற்கு அழைத்து வந்து, 'இங்கே எங்கு நடலாம்?' என்று கேட்டார் குரோவர். நாட்டின் பல பகுதிகளை ஆராய்ந்து, மண்ணையும் மழையையும் இரவு வெப்பத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பிரான்சிலிருந்து 35 வகைக் கொடிகளை வருவித்துப் பயிரிட்டுச் சோதித்தார்கள். இச்சோதனை மாதக் கணக்கில் முடிவதன்று. கொடி நட்டால் முதல் பழம் காணவே இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். அப்பழம் மதுவாகி, அம்மதுவின் தரம் தெரிவதற்கு மேலும் காலம் வேண்டும். 1980-களின் பெரும்பகுதி இவ்வாறு கழிந்தது. முடிவில் நந்தி மலையடியில் தொட்டபள்ளாப்பூர் வட்டாரத்தைத் தேர்ந்தெடுத்து, 1988-ஆம் ஆண்டில் 40 ஏக்கரில் தோட்டம் தொடங்கினார். 1992-ஆம் ஆண்டில் அதிலிருந்து முதல் மது வெளிவந்தது.

அத்தோட்டத்தில் எதிர்ப்பட்ட இடர்களைச் சற்று விரித்துரைப்பது தகும். ஏனெனில் அவ்விடர்களைத் தீர்த்த முறையில்தான் இந்நிலப்பகுதியின் தனித்தன்மை பிறந்தது.

முதலாவது இடர், கொடிக்கு உறக்கம் இல்லாமை. குளிர் செய்யாத வேலையைக் கத்தரிக்கோல் செய்யவேண்டும். ஆகவே இங்கே ஆண்டுக்கு இருமுறை கவாத்து செய்கிறார்கள். கோடையில் செய்யும் கவாத்து, கொடியை மட்டுமே வளர்ப்பதற்கு. மழை ஓயும் காலத்தில், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் செய்யும் கவாத்துதான் பழத்திற்கு. பெங்களூர் நீலத்தைப் பயிரிடுபவன் இரண்டு பருவத்திலும் பழம் எடுத்துப் பயன் காண்கிறான். மதுவிற்குப் பயிரிடுபவனோ ஒரு பருவப் பழத்தை வேண்டாமென்று விட்டுவிடுகிறான். கொடியின் ஆற்றல் முழுதும் ஓர் அறுவடையில் திரளவேண்டும் என்பதே நோக்கம். இரண்டு அறுவடை தரக்கூடிய நிலத்தில் ஒன்றைக் கைவிடுவது எவ்வளவு கடினம் என்பதை உழவர் அறிவர்.

இரண்டாவது இடர், பருவத்தின் திசை. ஐரோப்பாவில் பழம் முதிர முதிர வெயில் தணிந்துகொண்டே போகும். இங்கே பழம் முதிர்வது பிப்ரவரி, மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில். வெயில் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே வரும். இனிப்பு விரைந்து ஏறும். புளிப்பு அதைவிட விரைந்து இறங்கும். ஒரு வாரம் தாழ்த்தினால் போதும், பழம் கெட்டுவிடும். ஆகவே அறுவடை நாளைக் குறிப்பதே இங்குத் தலையாய கலை. வெயில் ஏறுமுன் குளிர்ந்த காலைப் பொழுதில் பழத்தைப் பறித்து, உடனே ஆலைக்குக் கொண்டு செல்லவேண்டும். சாறு புளிக்கும்போது தானே வெப்பம் உண்டாகும். அதைத் தடுக்கக் குளிர்விக்கும் அமைப்புடைய எஃகுத் தொட்டிகள் வேண்டும். குளிர் நாட்டில் பழைய நிலவறைகள் இயல்பாகத் தருவதை இங்கே மின்சாரம் கொண்டு வாங்கவேண்டும்.

மூன்றாவது இடர், வேர். திராட்சையின் வேரை உறிஞ்சி அழிக்கும் பில்லாக்சரா என்னும் சிறு பூச்சி, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பியத் தோட்டங்களைச் சூறையாடியது. அப்பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் கொடியின் வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டியே அங்குள்ள தோட்டங்களை மீட்டார்கள். நம் தென்னாட்டிலும் வறட்சியையும் உவர் நீரையும் தாங்கும் அமெரிக்க வேரில் ஒட்டுக்கட்டுவது இன்று பரவியுள்ள முறை. மேலே பிரான்சு, கீழே அமெரிக்கா, நிலமோ கன்னட நாடு!

1990-களின் நடுவில் போர்தோ நகரைச் சார்ந்த மிசேல் ரோலான் என்னும் உலகப் புகழ்பெற்ற மது வல்லுநர் இத்தோட்டத்திற்கு ஆலோசகராக அமைந்தார். கபர்னே சோவிஞ்ஞான், ஷிராஸ் ஆகிய இரு கருந்திராட்சை வகைகளைச் சேர்த்து, ஓக் மரப் பீப்பாயில் முதிரவைத்த 'லா ரிசர்வ்' என்னும் சிவப்பு மது, இப்பகுதியின் பெயரை அயல்நாட்டார் அறியச் செய்தது. தந்தையோடு மகன் கபில் குரோவரும் இப்பணியில் இணைந்தார். 2012-ஆம் ஆண்டில் இந்நிறுவனம் நாசிக் பகுதியைச் சேர்ந்த மற்றொரு மது நிறுவனத்தோடு ஒன்றி, குரோவர் சாம்பா என்னும் பெயரைப் பெற்றது.

ஒருவர் நட்ட கொடி ஊருக்குப் பழக்கமாவதே வரலாற்றில் நிலைக்கும் செய்தி. கருநாடக அரசு 2007-ஆம் ஆண்டில் திராட்சை பதப்படுத்தலுக்கும் மதுவிற்கும் எனத் தனிக் கொள்கை வகுத்தது. நந்திப் பள்ளத்தாக்கு, கிருஷ்ணைப் பள்ளத்தாக்கு, காவிரிப் பள்ளத்தாக்கு என மூன்று பகுதிகள் இத்தொழிலுக்கு உரியனவாகக் குறிக்கப்பட்டன. அவற்றுள் முதலிடம் நந்திக்கு வாய்த்ததில் வியப்பில்லை. இம்மதுத் தொழிலில் இந்தியாவில் மகாராட்டிரத்திற்கு அடுத்த இடம் இன்று கருநாடகத்திற்கு உண்டு.

வணிகர் ஒருவர் மட்டுமே இதனைச் சாதித்தார் என்று கூறின் அது நீதியாகாது. ஐதர் அலி தொடங்கிய லால்பாகு தோட்டமும், 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அதனைப் பேணிய கிரும்பிகல் போன்ற அறிஞர்களும் அயல்நாட்டுச் செடிகளை இம்மண்ணிற்குப் பழக்கும் மரபை முன்னரே உண்டாக்கியிருந்தனர். 1967-இல் அமைந்த இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம், நந்தி மலையில் பிறக்கும் அர்க்காவதி ஆற்றின் கரையை ஒட்டிய எசரகட்டாவில் இருந்துகொண்டு, பெங்களூர் நீலத்தையும் பிற இனங்களையும் கலந்து 'அர்க்கா சியாம்' முதலிய புதிய திராட்சை வகைகளை உருவாக்கியது. கொடியைப் பந்தலில் ஏற்றவும், ஒட்டுக்கட்டவும், கவாத்து செய்யவும் தெரிந்த உழவர்கள் ஊர்தோறும் இருந்தனர். இம்மூன்றும் இல்லாத இடத்தில் குரோவரின் கனவு வேர் பிடித்திருக்குமோ என்பது ஐயமே.

நேயர்களுள் சிலர் மனத்தில் ஒரு கேள்வி எழுந்திருக்கும். கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர் பிறந்த மொழியில், மது ஆக்கிய ஒருவரைப் புகழ்வது முறையோ? இக்கேள்வியைத் தட்டிக் கழிக்கலாகாது. நாட்டிலேயே முன்னோடியாக 1937-ஆம் ஆண்டில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொணர்ந்தவர் இராஜாஜி. நம் அரசியல் சட்டத்தின் 47-ஆம் பிரிவு, போதைப் பொருள்களை விலக்க அரசு முயலவேண்டும் என்று நெறி வகுக்கிறது. குடியினால் குலைந்த குடும்பங்களை நம் ஊர்த் தெருக்களிலேயே காண்கிறோம். கொடிமுந்திரி மதுவில் வெறி குறைவு என்பதால் அதன் தீமை இல்லாமற் போய்விடாது. இதனை ஒளிக்காமல் ஏற்றுக்கொண்ட பின்னரே, உழவின் பக்கமிருந்து இவ்வரலாற்றைக் காணும் உரிமை நமக்கு உண்டாகிறது.

உழவின் பக்கமிருந்து பார்த்தால் தெரிவது இதுதான். சந்தைக்குச் செல்லும் திராட்சை ஓரிரு நாளில் வாடிவிடும் பொருள். விலை வீழ்ந்தால் உழவன் பழத்தைச் சேமித்து வைக்க முடியாது. கொடியில் விடவும் முடியாது. மதுவாகவோ சாறாகவோ உலர்ந்த பழமாகவோ மாறும் வழி இருந்தால்தான் அவனுக்குக் காத்திருக்கும் வலிமை வரும். முன்னரே பேசிய விலைக்கு ஆலை வாங்கிக்கொள்ளும் தோட்டத்திற்கும், தரகன் சொல்லும் விலைக்குத் தலையசைக்கும் தோட்டத்திற்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரிது. மதுவை விரும்பாதவரும் இந்த உண்மையை மறுக்க இயலாது.

இன்று இக்கொடிக்கு வந்திருக்கும் ஆபத்து பூச்சியால் வந்ததன்று. நிலத்தின் விலையால் வந்தது. 2008-ஆம் ஆண்டு மே மாதத்தில் தேவனள்ளியில் பன்னாட்டு வானூர்தி நிலையம் திறக்கப்பட்டது. அதன் பின்னர் பெங்களூர் வடக்கு நோக்கி விரைந்து வளர்ந்தது. திராட்சைப் பந்தல் நின்ற இடங்களில் மனைப் பிரிவுகளின் எல்லைக் கற்கள் எழுந்தன. ஓர் ஏக்கரில் ஆண்டு முழுதும் உழைத்துப் பெறுவதைக் காட்டிலும் அதனை விற்பதனால் ஒரே நாளில் பன்மடங்கு கிடைக்கும் என்னும்போது, உழவனைக் குறை கூற யாரால் முடியும்?

அதனினும் பெரிய கவலை தண்ணீர். வற்றாத ஆறுகள் இல்லாத இப்பகுதி, முன்னோர் வெட்டிய ஏரிகளை நம்பி வாழ்ந்தது. ஏரிகள் தூர்ந்தன, ஆழ்குழாய்க் கிணறுகள் ஆயிரம் அடிக்கும் கீழே இறங்கின. பெங்களூர் நகரின் கழிவுநீரைத் தூய்மைப்படுத்திக் கோலார், சிக்கபள்ளாப்பூர் ஏரிகளுக்குத் திருப்பி அனுப்பும் திட்டங்கள் அண்மை ஆண்டுகளில் நடைமுறைக்கு வந்தன. சொட்டு நீரில் வாழும் கொடிமுந்திரி, நெல்லையும் கரும்பையும் நோக்கக் குறைந்த நீர் கொள்வதே. ஆயினும் நீரே இல்லாத நிலத்தில் எக்கொடி வாழும்? நந்தி மலை வறண்டால், அதன் மடியில் பிறக்கும் பாலாற்றின் நிலையும் நமக்குக் கவலைக்குரியதே. வாணியம்பாடியிலும் வேலூரிலும் மணலாகக் கிடக்கும் ஆற்றைக் காணும் நமக்கு அதனை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

யவனர் கலத்தில் வந்திறங்கிய காலம் தொட்டு அயலார் கைப்பொருளாகவே இருந்த ஒன்றை, நம் நாட்டு உழவர் தம் கையாலேயே விளைவிக்க முடியும் என்று காட்டியது நந்தி மலையடியில் நடந்த முயற்சி. ஆராய்ந்து இடம் தேர்தல், பல வகைகளைப் பொறுமையோடு சோதித்தல், இரண்டு பயன் கிடைக்கும் இடத்தில் ஒன்றை விட்டு மற்றதைச் சிறக்கச் செய்தல் ஆகிய மூன்றும் கொடிமுந்திரிக்கு மட்டுமன்றி எந்தப் பயிருக்கும், எந்தத் தொழிலுக்கும் பொருந்தும் பாடங்கள். கன்வல் குரோவர் விட்டுச் சென்ற மதுவைப் பருகுவதும் பருகாததும் அவரவர் நெறி. அவர் விட்டுச் சென்ற பாடத்தைக் கற்பது நம் அனைவர்க்கும் உரியது. அக்கொடி நிற்கும் நிலத்தையும் நீரையும் காப்பது நம் அனைவரின் கடமை.